ஹானிபலும் உடன்பிறந்தார் எழுவரும்

கலிலேயக் கடலின் தென்கரையில் செமாக் என்றொரு சிற்றூர் இருந்தது. 1931 அக்டோபரில் அங்கே எடுக்கப்பட்ட சில புகைப்படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் மேட்சன் தொகுப்பில் இருக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படங்கள். திறந்த வெளியில், எரிபொருள் நிரப்பிக்கொள்வதற்காக ஒரு பெரிய ஈரடுக்கு இறக்கை விமானம் நிற்கிறது. ஹானிபல் என்பது அதன் பெயர். முதல் பார்வையில் அதன் பேருருவம்தான் கண்ணை நிறைக்கும். அதோடு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்னொரு முறை பாருங்கள். அந்தப் பேருருவத்துக்குள் எத்தனை மென்மை, எத்தனை கரிசனம், எவ்வளவு அழகான நிதானம் குடியிருக்கிறது என்பது மெல்ல மெல்லத் தெரியவரும். அந்த இரண்டாம் பார்வைக்காகத்தான் உங்களை அழைக்கிறேன்.

ஹானிபல் தனியாகப் பிறக்கவில்லை. இங்கிலாந்தின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1928இல் ஒரு புதிய பயணி விமானம் வேண்டும் என்று கேட்டது. ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்தில் ஜார்ஜ் வோல்கெர்ட் வடிவமைத்தார். 1930 நவம்பர் 14 அன்று ராட்லெட் ஓடுதளத்திலிருந்து முதல் விமானம் மேலெழுந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் லண்டனின் கிராய்டனிலிருந்து பாரிசுக்குப் பயணிகளோடு பறந்தது. எச்.பி.42 என்ற இந்த வகையில் மொத்தம் கட்டப்பட்டவை எட்டே எட்டு. நான்கு, கிழக்குத் தடங்களுக்கு. கெய்ரோவை மையமாகக் கொண்டு பாலைவனங்களையும் பாரசீக வளைகுடாவையும் கடந்து கராச்சி வரை வந்தவை. நான்கு, மேற்குத் தடங்களுக்கு. கிராய்டனிலிருந்து ஐரோப்பிய நகரங்களுக்குப் போய்வந்தவை.

முதலில் பெயர்களைச் சுவைப்போம். ஹானிபல், ஹன்னோ, ஹேட்ரியன், ஹோர்சா கிழக்குக்கு. ஹெராக்ளிஸ், ஹொரேஷியஸ், ஹெங்கிஸ்ட், ஹெலனா மேற்குக்கு. எட்டும் 'ஹ' என்ற ஓசையில் தொடங்குகின்றன. ஹேண்ட்லி பேஜின் முதலெழுத்தும் அதே. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சை உள்ளிழுத்துப் பெருமிதத்தோடு வெளியே விடுவது போன்ற ஓசை. யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த கார்த்தேஜின் தளபதி, ஆப்பிரிக்கக் கரையோரம் கலம் செலுத்திய அதே கார்த்தேஜின் மாலுமி, எல்லைச் சுவர் எழுப்பிய ரோமப் பேரரசன், ஒற்றை ஆளாகப் பாலத்தைக் காத்த ரோம வீரன், கிரேக்கத்தின் மாவீரன் என்று ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு நெடும்பயணமோ ஒரு பெருந்துணிவோ நிற்கிறது. ஹெங்கிஸ்டும் ஹோர்சாவும் பழங்கதையில் அண்ணன் தம்பியர். அவர்களில் ஒருவரைக் கிழக்குக்கும் மற்றவரை மேற்குக்கும் அனுப்பினார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் ஹெங்கிஸ்ட் கிழக்குத் தடத்துக்கு ஏற்ப மாற்றப்பட்டுத் தம்பியின் வானத்துக்கே வந்து சேர்ந்தது. இயந்திரங்களுக்கு இவ்வளவு அக்கறையோடு பெயர் சூட்டியவர்கள், அவற்றை வெறும் வண்டிகளாக நினைத்திருக்க முடியாது.

இனி இறக்கைகளுக்கு வருவோம். மேல் இறக்கையின் நீளம் முனைக்கு முனை 130 அடி. கீழ் இறக்கை அதைவிடச் சிறியது. இந்த இரண்டுக்கும் இடையிலான அளவு வேறுபாடே ஒரு கம்பீரத்தைத் தருகிறது. அகன்ற மேலடுக்கு விரிந்து நிற்க, அதன் நிழலுக்குள் கீழடுக்கு அடக்கமாக ஒதுங்கி நிற்கிறது. இப்போது கீழ் இறக்கை உடலோடு சேரும் இடத்தை மட்டும் கவனியுங்கள். அது நேராக வந்து உடலைக் குத்திச் செல்லவில்லை. உடலை நெருங்கும்போது மெல்ல வளைந்து மேலேறி, பயணிகள் அறையின் கூரைக்கு மேலாகக் கடந்துபோகிறது. ஏன் இந்த வளைவு? இறக்கையைத் தாங்கும் உத்தரம் அறைக்குள் குறுக்கே வந்தால் நடப்பவர் கால் தடுக்கும். அறை இரண்டாகப் பிளவுபடும். பயணிக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று இறக்கையையே வளைத்துவிட்டார்கள். பொறியியலில் இதைவிடப் பணிவான ஒரு கோட்டை நான் கண்டதில்லை.

இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் தாங்குகோல்களைப் பாருங்கள். அந்தக் காலத்து ஈரடுக்கு விமானங்களில் இறக்கைகளுக்கு நடுவே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். காற்றில் அவை அதிரும். நாளாக ஆகத் தளரும். மறுபடி மறுபடி முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். எச்.பி.42இல் அந்தக் கம்பிக் காடு இல்லை. பாலங்களைத் தாங்கும் வாரன் சட்ட முறையில், சாய்வுக் கோல்கள் ஏறியும் இறங்கியும் முக்கோணம் முக்கோணமாகச் செல்கின்றன. முக்கோணம் தன் வடிவத்தைத் தானே காத்துக்கொள்ளும். அதை இழுத்துப் பிடிக்க வேறு கம்பி வேண்டியதில்லை. வலிமைக்காகத் தேர்ந்த அந்த வடிவமே ஓர் அணிகலனாகவும் ஆகிவிட்டது. வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்த படங்களில் அந்தச் சாய்கோடுகள் ஒரு தாளக்கட்டோடு இறக்கையின் நுனிவரை ஓடுவதைக் காணும்போது, தேவையும் அழகும் ஒன்றையொன்று எப்படித் தழுவிக்கொள்ளும் என்பது புரிகிறது.

எஞ்சின்கள் நான்கு. காற்றால் குளிர்விக்கப்படும் பிரிஸ்டல் ஜூபிடர் எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது சிலிண்டர்கள் நட்சத்திர வடிவில் விரிந்திருக்கும். இரண்டு மேல் இறக்கையில் நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன. இரண்டு கீழ் இறக்கையில் சற்று விலகி நிற்கின்றன. முன்னாலிருந்து பார்த்தால் நான்கும் சேர்ந்து ஒரு சரிவகத்தின் நான்கு மூலைகளாகத் தெரியும். பின்பக்கம் போனால் வாலும் ஈரடுக்குதான்; அதில் மூன்று செங்குத்துத் தகடுகள். இறக்கையில் சொன்ன சேதியை வாலில் சிறிய எழுத்தில் மீண்டும் எழுதியது போல, உருவத்தின் தொடக்கமும் முடிவும் ஒத்திசைந்திருக்கின்றன.

வெளியே இவ்வளவு நேரம் நின்றுவிட்டோம், உள்ளே போகலாம். ஏறுவதற்கு உயரமான ஏணி தேவையில்லை. உடல் இறக்கைக்குக் கீழே தொங்குவதால் வாசல் தரைக்கு அருகிலேயே இருக்கிறது. சில படிகள் போதும். தலைக்கு மேலே இறக்கை நிழல் விரிக்கிறது. நம் ஊர் வீடுகளில் திண்ணை எப்படி வெயிலில் வந்தவரை வாசலிலேயே ஆற்றி உள்ளே அனுப்புமோ, அப்படி ஓர் உபசாரம் இந்த விமானத்தின் உடலமைப்பிலேயே இருக்கிறது. காசாவிலும் பஸ்ராவிலும் குவைத்திலும் இறங்கி ஏறியவர்களுக்கு அந்த நிழலின் அருமை தெரிந்திருக்கும்.

பயணிகளுக்கு இரண்டு அறைகள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கழிப்பறைகளும் தபால் மூட்டைகளுக்கும் பெட்டிகளுக்குமான இடமும். இந்தப் பகுப்பின் நுட்பத்தைச் சற்று நின்று ரசிக்க வேண்டும். எஞ்சின்களும் சுழல்விசிறிகளும் இரைச்சலைப் பொழிவது உடலின் நடுப்பகுதியில்தான். அந்த இரைச்சலுக்கு நேராக மனிதர்களை உட்காரவைக்காமல், பேசாத பொருள்களை அங்கே வைத்தார்கள். பேசிச் சிரிக்கவேண்டிய மனிதர்களை முன்னும் பின்னுமாக ஒதுக்கி அமர்த்தினார்கள். அதற்கு முந்தைய விமானங்களில் பறந்தவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போன காலம் அது. ஒலி எங்கே பிறக்கும், எங்கே தேயும் என்று யோசித்து இருக்கைகளை அமைத்தவரின் மனத்தில் ஒரு நல்ல விருந்தோம்பி இருந்திருக்கிறார்.

மேற்குத் தடத்து விமானங்களில் 38 பேருக்கு இடம்: முன்னறையில் 18, பின்னறையில் 20. கிழக்குத் தடத்தில் தபாலும் சுமையும் மிகுதி என்பதால் ஆள்கள் குறைவு. 24 பேர் வரை. அகலமான மெத்தை இருக்கைகள், எதிரெதிராக அமர்ந்தவர்களுக்கு இடையே மேசை, திரைச்சீலை தொங்கும் பெரிய சன்னல்கள் என்று, அந்நாளைய புல்மன் ரயில்பெட்டியின் சொகுசை அப்படியே வானத்துக்கு ஏற்றியிருந்தார்கள். சன்னலுக்கு வெளியே கண்ணை மறைக்கக் கீழே இறக்கை கிடையாது. மேசைவிரிப்பின்மேல் பணியாளர்கள் உணவு பரிமாற, கீழே ஆங்கிலக் கால்வாயின் அலைகள் நகர்ந்துகொண்டிருக்கும். அல்லது இராக்கின் மணற்பரப்பு முடிவில்லாமல் விரிந்துகொண்டிருக்கும். மேகங்களுக்கு மேலே ஏறி உலகை மறக்கும் பயணம் இல்லை அது. ஆடுமாடுகளும் வயல்வரப்புகளும் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், உலகைப் பார்த்துக்கொண்டே போகும் பயணம்.

விமானிகளையும் மறக்கவில்லை. இம்பீரியல் ஏர்வேஸ் முன்பு பறக்கவிட்ட ஆர்கோசி விமானத்தில் பயணிகள் அறைக்குள் இருக்க, விமானி திறந்த குழியில் மழையையும் பனியையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டினார். எச்.பி.42 தன் விமானிகளுக்கு, மூக்கின் உச்சியில், கண்ணாடி சூழ்ந்த மூடிய அறையைத் தந்தது. தாடி வைத்த கேப்டன் ஓ. பி. ஜோன்ஸ் போன்றவர்கள் ஒரு கப்பல் தலைவனின் மிடுக்கோடு அதில் அமர்ந்தார்கள். அந்த மிடுக்குக்குப் பொருத்தமாக ஒரு வழக்கமும் இருந்தது. தரையிறங்கியதும் விமானி அறைக்கு மேலே ஒரு சிறு கம்பம் எழும். அதில் கொடி ஏறும். துறைமுகம் சேர்ந்த கலம் கொடி உயர்த்துவது போன்ற அந்த ஒரு செயலில், எத்தனை பெரிய பயணமும் ஒரு மரியாதையோடு நிறைவு பெற்றது.

இந்த விமானத்தை மெதுவானது என்று பலர் குறை சொன்னார்கள். மெதுவானதுதான். சாதாரணமாகப் பறக்கும்போது மணிக்கு 100 மைல் அளவே இருந்தது அதன் வேகம். எதிர்க்காற்று வலுத்தால் தரையில் ஓடும் ரயிலே முந்திவிடலாம். ஆனால் அந்த மெதுவுக்குள் இருந்த ஞானத்தைப் பாருங்கள். அகன்ற இறக்கைகளும், மேல் இறக்கையின் முன்விளிம்பில் தேவைப்படும்போது தானே திறந்துகொள்ளும் ஹேண்ட்லி பேஜ் காற்றுப் பிளவுகளும் சேர்ந்து, மணிக்கு சுமார் 50 மைல் வேகத்திலேயே அதைத் தரையிறங்க வைத்தன. இறங்கும் வேகம் குறைந்தால் சிறிய திடல் போதும். கரடுமுரடான நிலமும் போதும். ஏதேனும் தவறு நேர்ந்தாலும் அடி இலேசாகும். விரைவைக் கொடுத்துவிட்டு உயிர்க்காப்பை வாங்கிக்கொண்ட விமானம் இது. அதன் ஒவ்வொரு வளைவிலும் நாம் கண்ட நிதானம், ஆபத்து வந்த நாள்களில் தன் முழு அழகையும் காட்டியது.

1931 ஆகஸ்ட் 8. கிராய்டனிலிருந்து பாரிசுக்குப் பயணிகளோடு கிளம்பிய ஹானிபலின் இடது கீழ் எஞ்சின் வழியில் பழுதானது. அதிலிருந்து சிதறிய துண்டுகளால் இடது மேல் எஞ்சினையும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் முழுதும் ஓய்ந்துவிட்டது. கென்ட் மாவட்டத்தின் ஃபைவ் ஓக் கிரீன் என்ற ஊரருகே வயல்வெளியில் விமானி இறக்கினார். இறங்கும்போது வால்பகுதி பிய்ந்துபோனது. ஒரு பயணிக்கும் காயமில்லை. வாலையே இழந்தும், நம்பி ஏறியவர்களைப் பழுதில்லாமல் தரையில் வைத்த அந்த இறக்கத்தை எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. பிறகு ஹானிபலைப் பிரித்துச் சாலை வழியாகக் கிராய்டனுக்குக் கொண்டுபோனார்கள்; செப்பனிட்டார்கள். அடுத்த சில வாரங்களிலேயே அது கிழக்கே போய்விட்டது. செமாக் புகைப்படங்களில் அமைதியாக நிற்பது, அந்த விபத்திலிருந்து மீண்டுவந்த ஹானிபல்தான்.

கிழக்குத் தடத்தின் தரிப்பிடங்களும் இந்த நிதானத்துக்கு ஏற்றவையே. இராக்கியப் பாலையின் நடுவே ருத்பா கோட்டை. விமானத்தில் வந்தவர்கள் அதன் சுவர்களுக்குள் இளைப்பாறி, உண்டு, புறப்படுவார்கள். வளைகுடாவில் ஷார்ஜா. 1932இல் அதன் ஷேக்கோடு உடன்பாடு செய்துகொண்டு அங்கே ஒரு தங்குமிடத்தைக் கோட்டை போலக் கட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஹன்னோ அங்கே வந்து இறங்கியது. இன்று அந்தக் கட்டடம் அல் மஹத்தா என்ற அருங்காட்சியகம். 1936 ஆகஸ்டில் இதே தடத்தில் ஹோர்சா, இரவில் பஹ்ரைனைத் தவறவிட்டுப் பாலைவனத்தில் இறங்க நேர்ந்தது. தேடிச்சென்ற விமானப்படையினர் மணலில் நின்ற விமானத்தைக் கண்டார்கள். அதில் வந்தவர்கள் உயிரோடு மீண்டார்கள். விளக்குகளும் ஓடுதளமும் இல்லாத இருட்டில், முன்பின் அறியாத மணலில், அத்தனை பெரிய உடலை அவ்வளவு மெல்ல இறக்கி வைக்க வேறெந்த இறக்கைகளால் முடிந்திருக்கும்?

மேற்கில் ஹெராக்ளிஸ் 1937இல் 10 லட்சம் மைல்களை நிறைவு செய்தது. 1939 செப்டம்பரில் போர் மூளும்வரை, எட்டு விமானங்களின் பயணிகள் சேவையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. விமானப் பயணம் என்றாலே உறவினர்கள் கலங்கி வழியனுப்பிய காலத்தில் இது எவ்வளவு பெரிய சாதனை என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சாதனை எங்கிருந்தோ அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை. அறைக்கு மேலாக வளைந்த இறக்கையிலும், தானே திறந்துகொண்ட காற்றுப் பிளவுகளிலும், தளராத முக்கோணங்களிலும் அது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது.

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹெங்கிஸ்ட் 1937 மே 31 அன்று கராச்சியில் தீக்கிரையானது. அது நின்றிருந்த கொட்டகைக்கும் ஒரு சோகக் கதை உண்டு. ஆர்101 என்ற மாபெரும் வான்கப்பலுக்காகக் கட்டிய கொட்டகை அது. 1930இல் கராச்சியை நோக்கிப் புறப்பட்ட அந்த வான்கப்பல் பிரான்சிலேயே விழுந்து எரிந்தது. வராத விருந்தாளிக்காகக் கட்டிய வீட்டில் ஹெங்கிஸ்ட் தங்கி, அங்கேயே முடிந்தது. போர் தொடங்கியபின் ஹொரேஷியஸ் டெவன் மாவட்டத்தின் டிவர்ட்டனில், மோசமான வானிலையில் இறங்க முயன்று நொறுங்கியது. 1940 மார்ச்சில் பிரிஸ்டலில் வீசிய புயலில் ஹெராக்ளிசும் ஹன்னோவும் நின்ற இடத்திலேயே சிதைந்தன. காற்றை அள்ளி ஏந்தக் கட்டிய அதே அகன்ற இறக்கைகள், கட்டிப்போட்ட நிலையில் காற்றுக்கு இரையாயின. ஹேட்ரியனையும் அந்த ஆண்டின் டிசம்பரில் ஒரு புயலே கொண்டுபோனது. ஹோர்சா அதே ஆண்டு ஆகஸ்டில் அவசரமாகத் தரையிறங்கிய பிறகு எரிந்தது.

ஹானிபலின் முடிவில் நம் மண்ணின் துயரமும் கலந்திருக்கிறது. 1940 மார்ச் 1 அன்று ஓமன் வளைகுடாவின்மேல் மேற்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்த ஹானிபல், எட்டுப் பேரோடு மறைந்துபோனது. அவர்களில் ஒருவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். தஞ்சை மண் தந்த நீதிக்கட்சித் தலைவர். லண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர்களின் பிரதிநிதியாக அமர்ந்தவர். சென்னை மாகாண நிர்வாக சபையில் பொறுப்பு வகித்தவர். இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சரின் ஆலோசகராகப் பதவி ஏற்க லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார். தமிழ்நாடு அவருக்காக அழுதது. என்ன நடந்தது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. பன்னீர்செல்வத்தின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஹானிபலின் பெயரும் உடன்வருவது அதனால்தான். அந்த ஒரு நாளின் துயரம் உண்மையானது. அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகள் எத்தனையோ குடும்பங்களுக்கு அவரவர் மனிதர்களைப் பத்திரமாகத் திருப்பித் தந்த கருணையும் அதே அளவு உண்மையானது.

எஞ்சியது ஹெலனா. பறக்கத் தகுதியில்லை என்று தீர்ப்பாகி 1941இல் உடைக்கப்பட்டது. அதன் முன்பகுதியை மட்டும் பிரிட்டிஷ் கடற்படையினர் சிறிது காலம் அலுவலக அறையாக வைத்திருந்தார்கள். அதே அறையில்தான் ஒருகாலத்தில் பாரிசுக்குப் போகிறவர்கள் சன்னலோரம் உட்கார்ந்து கால்வாயைப் பார்த்தார்கள்.

எட்டில் ஒன்றுகூட இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. ஆகவே புகைப்படங்களும் ஒரு சில படச்சுருள்களுமே நமக்கு எஞ்சிய சொத்து. செமாக் படங்களைத் தேடிப் பாருங்கள். ஷார்ஜாவில் ஹன்னோ வந்திறங்குவதைக் காட்டும் 'ஏர் அவுட்போஸ்ட்' என்ற 1937ஆம் ஆண்டு ஆவணப்படத்தைப் பாருங்கள். பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். கீழ் இறக்கை உடலோடு சேருமிடத்தில் அந்த வளைவு வரும். அங்கே கட்டாயம் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.